கதிரியக்கம் அழிவதில்லை
"கம்ப்யூட்டர் உருவாக்கிய புதுப் பொருள் அணுக்கழிவின் கதிரியக்கத்தையே அழித்துவிடும்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. 2016-இல் வெளியான எஸ்பிஎம்ஓஎஃப்-1 (SBMOF-1) என்ற பொருளைப் பற்றிய ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்றால், அந்தப் பொருள் அதற்கு முன்பே ஆய்வகத்தில் தயாரானது; சுமார் 1,25,000 உலோக-கரிமச் சட்டகங்களை (உலோகமும் கரிம மூலக்கூறுகளும் இணைந்த, நுண்துளைகள் நிறைந்த பொருட்களை) கணினி மாதிரியில் சலித்துப் பார்த்தபோது பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும்போது கிரிப்டானோடு சேர்ந்து வெளியேறும் செனான் வாயுவைப் பிடிக்க இது தோதானது என்று தெரிந்தது, அப்புறம் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் வாயுக் கலவையைச் செலுத்திச் சோதித்தும் பார்த்தார்கள். அதன் துளை செனான் அணுவைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அதனால் செனான் உள்ளே இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, சிறிய கிரிப்டான் நழுவிவிடுகிறது. நடப்பது பிரித்தெடுப்பு மட்டுமே. அந்த வாயுவில் உள்ள கதிரியக்க வகையான கிரிப்டான்-85-இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், கிட்டத்தட்ட 10.8 ஆண்டுகள், எதில் அடைத்து வைத்தாலும் அது மாறப்போவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கழிவைப் பாதுகாக்கவே தேவையில்லை என்று படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள், தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.