பாலையாவுக்கு ஒரே ஒரு வரிதானா?

பழைய வில்லன் நடிகர்களைப் பற்றிய இந்தக் கட்டுரையில் டி.எஸ்.பாலையாவுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, மனசு கேட்கவில்லை. நாடகக் கம்பெனியில் இருந்து வந்தவர், 1936-ல் எம்.ஜி.ஆர் அறிமுகமான அதே 'சதிலீலாவதி'யில் வில்லன், அப்புறம் எத்தனையோ படங்களில் கூட இருந்தே குழிபறிக்கிற ஆள். உறுமல் எல்லாம் அவருக்குத் தேவையே இல்லை, குரலை இழுத்து, கண்ணைச் சுருக்கி ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். மதுரைக்காரர்களான எங்களுக்கு ஆவணி மூலத் திருவிழாவில், சிவபெருமான் விறகு விற்பவராக வந்து பாடும் விறகு விற்ற லீலை வந்தாலே 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் பாலையா நடித்த பாடகர் ஹேமநாத பாகவதர்தான் ஞாபகம் வருவார். பாண்டியன் சபையில் அந்தத் திமிரைப் பாருங்கள், ராத்திரி விறகு விற்பவன் பாட்டு காதில் விழுந்ததும் அது முகத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதையும் பாருங்கள், அதற்கு வசனமே வேண்டாம். 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரரும் இதே மனிதர்தான். தயவுசெய்து அவருக்குத் தனிக் கட்டுரை போடுங்கள் சார்.