மதிப்பெண் பட்டியல் அல்ல

இன்டர்செக்‌ஷனாலிட்டி (இனம், பாலினம், சாதி போன்ற பாகுபாடுகள் ஒருவர் மீது ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுவது) என்பது, இனத்துக்கு இவ்வளவு, பாலினத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் போட்டு யார் அதிகம் பாதிக்கப்பட்டவர் என்று வரிசைப்படுத்தும் வேலை எனச் சிலர் சொல்வதுண்டு. அது தவறு. 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இச்சொல்லை முன்வைத்தபோது அவர் காட்டியது கூட்டல் கணக்கை அல்ல, சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையை.

அவர் ஆராய்ந்த வழக்குகளில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1964-க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னர் மந்தநிலை வந்து, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பும் பணிமூப்பு விதிப்படி ஆட்குறைப்பு நடந்தபோது, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தனர். நிறுவனம் ஏற்கெனவே பெண்களை வேலைக்கு எடுத்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை என்றது 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. (அப்பெண்கள் வெள்ளையர்கள் என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை.) இனப் பாகுபாட்டுப் புகாரை வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற நீதிமன்றம், இரண்டையும் இணைத்து வாதாட இடமில்லை என்று கைவிரித்தது.

இது அமெரிக்கப் பல்கலைக்கழகச் சங்கதி மட்டும் என்பதும் சரியல்ல. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்ட வழக்கில் 2021-இல் நம் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை விரிவாக எடுத்துப் பேசியது. ஆனால் குற்றம் சாதியின் காரணமாகவே நடந்தது என்று நிறுவக் கோரிய பழைய சட்டவாசகத்தால், வல்லுறவுக்கான ஆயுள் தண்டனை உறுதியானபோதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதித்த தண்டனை நிற்கவில்லை.