வால் தரையில் படாது

போட்டியில் மருமகனின்ட டைனோசர் பொம்மைக்கு நடுவர் மார்க்ஸ் குறைத்ததை நேற்று எழுதினதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே அறிவுரை. "விடுங்கோ அண்ணை, சின்னப் பிள்ளையின்ட பொம்மைதானே." விடமாட்டன். மருமகன், அக்காவின்ட பெடியன், செய்த டி. ரெக்ஸ் டைனோசர் சரி. அதின்ட வால் தரையில் படாது.

நடுவருக்கு, அது நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் ஊன்றியிருக்க வேணுமாம். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் 1915 இல் எலும்புக்கூட்டை அப்படித்தான் நிறுத்தினார்கள். 1990களில் அவர்களே அதைக் கழற்றி, முதுகைக் கிடையாக்கி, வாலைத் தூக்கிப் பூட்டினார்கள். 12 மீற்றர் உடம்பு, முன்னால் அவ்வளவு பெரிய தலை. பின்னால் வால் நீண்டு நிற்காவிட்டால் குப்புற விழும். தொடையைப் பின்னுக்கு இழுக்கிற பெரிய தசையே வாலில்தான் தொடங்குது. வாலைத் தரையில் போட்டால் நடக்கிறது எப்படி?

பெடியன் தேடிப் படிச்சுத்தான் செய்தவன். சைக்கிள் கம்பி, பழைய பேப்பர், கோதுமைமாப் பசை, பல்லுக்கு ஈர்க்கு. பக்கப்பல்லைத் தடிப்பாய் வைத்தான், ஏனென்றால் அது எலும்பையும் நொறுக்கித் தின்னும். கனடாவில் கிடைத்த, கல்லாய்ப்போன அதின்ட சாணத்துக்குள்ளேயே எலும்புத் துண்டுகள் இருந்தன. நடுவர் அந்த வாலைக் கையால் கீழே அமத்திக் காட்டினார். இடுப்பில் கம்பி வளைந்து பசை வெடித்தது. அவன் வெடிப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நடுவரை எதிர்த்து எழுதுறது மரியாதையோ?" பெயர் எழுதவில்லை, எழுதவும் மாட்டன். அது போதும்.

"அமெரிக்காவில் செத்த மிருகம், திருகோணமலைப் பிள்ளைக்கு என்னத்துக்கு?" இதுதான் சுட்டது. எங்கட கடலில் நீலத்திமிங்கிலம் ஓடுது. கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்த்து, அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அசையுது என்று கேட்கிற பிள்ளை இவன். 6 கோடியே 60 லட்சம் வருசத்துக்கு முந்தினதையும் கேட்பான். கேட்கட்டும்.

நான் எட்டாம் வகுப்பில், பல்லி வால் அறுந்தபிறகும் ஏன் துடிக்குது என்று கேட்டதுக்கு வாங்கிலில் ஏத்தி விட்டார்கள். அதுக்குப் பிறகு விஞ்ஞான பாடத்தில் நான் கையே உயர்த்தவில்லை. இவனைக் கை உயர்த்தாதே என்று சொல்லப்போறது அக்காவோ, நானோ? "அடுத்தமுறை ரொக்கெட் செய்யட்டும், அதுக்கு மார்க்ஸ் விழும்" என்று எழுதினவருக்கும் சேர்த்துத்தான் சொல்றன்.

வால் தரையில் படாது. மார்க்ஸைத் திருப்பித் தர வேண்டாம். நடுவரைத் தெரிஞ்சவர்கள் இதைக் காட்டுங்கோ. ஒருநாள் வீட்டுக்கு வந்து, வால் தரையில் படாது என்று அவனிட்ட நேரில் சொல்லட்டும்.