கோரம்

(மடிப்பாக்கத்தில் ஒரு முட்டுச்சந்து. முனையில் தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் இஸ்திரி வண்டி. வண்டிக்காரர் முனுசாமி கரிப்பெட்டியை விசிறிக்கொண்டிருக்கிறார். எதிரே குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். ரிட்டயர் ஆன மறுமாதம் வீட்டில் "சும்மாதானே இருக்கீங்க" என்றார்கள். அன்று முதல் செயலாளர். ஒரு கையில் நோட்டீஸ் கட்டு, இன்னொரு கையில் பசைக் கிண்ணம்.)

செயலாளர்: முனுசாமி, என் வெள்ளைச் சட்டை ஆச்சா?

முனுசாமி: பொட்டி சூடாயின்னு இருக்குது சார். இன்னா, கையில பசை? எலெக்‌ஷனா?

செயலாளர்: ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துப் பொதுக்குழுப்பா. உன் மரத்துல ஒண்ணு ஒட்டிக்கிறேன்.

முனுசாமி: போன வருசத்து நோட்டீசு மேலயே ஒட்டுங்க. தேதிதானே மாறியிருக்கும்.

செயலாளர்: இந்தத் தடவை விளையாட்டில்ல. கோரம் வேணும்.

முனுசாமி: போன தடவையே கோரமாத்தானே சார் இருந்துது? பொருளாளரும் மாடி வீட்டுக்காரரும் சட்டையப் புட்ச்சிக்கினாங்க. மறுநாள் ரெண்டு சட்டையும் எங்கிட்டதான் வந்துது. ஒண்ணுலயும் பட்டன் இல்ல.

செயலாளர்: அந்தக் கோரம் இல்லய்யா! இத்தனை பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு ஒரு கணக்கு. மொத்தம் 140 உறுப்பினர். நம்ம பைலா, அதாவது சங்கத்து விதிகள்படி கால்வாசி, 35 பேர் வந்தாகணும்.

முனுசாமி: போன வருசம் எத்தினி பேரு?

செயலாளர்: 9.

முனுசாமி: போண்டா?

செயலாளர்: 60.

முனுசாமி: அதான் சாயங்காலம் எனக்கு மட்டும் பதினாலு வந்துது. பொட்டலத்தப் பாத்தவொடனே கூட்டம் எப்படி நடந்துதுன்னு புரிஞ்சிபோச்சி.

செயலாளர்: சிரிக்காத. 1975-ல போட்ட சங்கப் பதிவுச் சட்டம் இருக்கு. வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், வரவு செலவைப் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும்.

முனுசாமி: சங்கம் ஆரம்பிக்க எத்தினி பேரு வேணும்?

செயலாளர்: அதுக்கு 7 பேர் போதும்.

முனுசாமி: கல்யாணத்துக்கு ஏழு அடி, சங்கத்துக்கு ஏழு பேரு. ரெண்டுலயும் அதுக்கப்பறந்தான் சார் கஸ்டம்.

செயலாளர்: ஜனங்களுக்கு அக்கறையே போயிடுச்சு. 2015 வெள்ளத்துல தெருவே ஒத்துமையா நின்னுச்சேப்பா! ஒரு வீட்டுல சாதம், ஒரு வீட்டுல ரசம்…

முனுசாமி: அன்னிக்கு எல்லாரும் மொட்டைமாடில நின்னுக்கினு இருந்தாங்க சார். வேற எங்க போவாங்க? அன்னிக்குக் கூட்டம் போட்டிருந்தா கோரம் இருந்திருக்கும்.

செயலாளர்: 2011-ல நம்ம பஞ்சாயத்தைச் சென்னை மாநகராட்சியோட சேர்த்தப்போ கூட நல்ல கூட்டம். 155 வார்டு 200 ஆச்சு, அதுல நாமளும் ஒண்ணுன்னு பட்டாசெல்லாம் வெடிச்சோம்.

முனுசாமி: அந்தப் பட்டாசு வெடிச்ச பள்ளமா சார் இது?

செயலாளர்: இது பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினது.

முனுசாமி: அது மூடியாச்சி சார். அப்பறம் தண்ணிக் கொயாய்க்குத் தோண்டினாங்க, அதுவும் மூடியாச்சி. இது கேபிளுக்கு. ஜேசிபி ஓட்டுற தம்பியோட துணி எங்கிட்டதான் வருது, அதனால வரிசையாத் தெரியும்.

செயலாளர்: சங்கம் சார்பா 11 மனு போட்டிருக்கோம். தெருவிளக்கு எரியுதே, அது எப்படி வந்துச்சுன்னு நினைக்கிற?

முனுசாமி: நான் கார்ப்பரேசன் புகார் நம்பரு 1913-க்கு போன் அடிச்சேன் சார். புகார் நம்பர் குடுத்தாங்க. ரெண்டாம் நாளு வந்து மாட்டிட்டுப் போனாங்க.

செயலாளர்: (திடுக்கிட்டு) உன் போன்லயா? ஆண்டறிக்கைல "சங்கத்தின் இடையறாத முயற்சியால்"னு அச்சடிச்சுட்டேனே!

முனுசாமி: இருக்கட்டும் சார். வெளிச்சம் என் வண்டி மேலதானே வுழுது.

செயலாளர்: சரி, இந்த நாய் விஷயத்துக்காவது வருவாங்களா? பிடிச்சுட்டுப் போனாங்கன்னு நிம்மதியா இருந்தேன். பத்து நாள்ல அதே முனையில கொண்டாந்து இறக்கிட்டாங்க. கேட்டா 2023 விதியாம். கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணுமாம்.

முனுசாமி: பிரவுனிக்குக் காது நுனிய வெட்டி அடையாளம் வச்சிருக்காங்க, பாத்தீங்களா? உங்க சங்கத்துல யாருக்குமே அடையாள அட்டை கிடையாது. போன கூட்டத்துல கடைசி வரைக்கும் குந்திக்கினு இருந்ததும் அதுதான்.

செயலாளர்: (குரலைத் தாழ்த்தி) அதையும் சேர்த்துத்தான்யா 9.

(முனுசாமி பெட்டியைத் திறந்து சாம்பலை ஊதுகிறார். ஒரு பொறி பறந்து நோட்டீஸ் கட்டின் ஓரத்தில் விழ, செயலாளர் பதறித் தட்டிவிடுகிறார்.)

முனுசாமி: கூட்டம் எங்க, எத்தினி மணிக்கு?

செயலாளர்: பார்க்குல. காலைல 10 மணி.

முனுசாமி: சனிக்கெயமை வாங்குற துணிய ஞாயித்துக்கெயமை பத்து மணிக்கு பார்க்குல வச்சிதான் தருவேன்னு சொல்லிடறேன். திங்கக்கெயமை ஆபீசுக்குப் போட்டுக்கினு போவணுமே, வராம எங்க போவாங்க? உங்க நோட்டுல கையெழுத்து, அப்பறம் மூட்டை.

செயலாளர்: (கண் கலங்காத குறை) முனுசாமி! உன்னைச் சங்கத்துலயே சேர்த்திருக்கணும்யா.

முனுசாமி: சொந்த வூடு இல்லாதவன் சேர முடியாதுன்னு பைலால இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. சரி, நோட்டீசக் குடுங்க. ஆளுக்கொண்ணு சட்டைக்குள்ள மடிச்சி வச்சிடறேன்.

செயலாளர்: (கட்டை மார்போடு அணைத்து) வேணாம்ப்பா… உனக்கெதுக்குச் சிரமம்…

(அதற்குள் ஒன்று முனுசாமி கைக்குப் போய்விட்டது. மேசையில் விரித்து, தண்ணீர் தெளிக்காமல் ஒரு இழுப்பு இழுக்கிறார். கசங்கல் போய் எழுத்து பளிச்சென்று தெரிகிறது.)

முனுசாமி: ஒண்ணு, சென்ற கூட்ட நடவடிக்கை. ரெண்டு, வரவு செலவு. மூணு, நாய். நாலு… "தெருமுனையில் போக்குவரத்துக்கு இடையூறாக உள்ள ஆக்கிரமிப்பை அகற்றுதல்." தெருமுனைன்னா எது சார்?

செயலாளர்: தெருவுக்கு ரெண்டு முனை இருக்குல்ல…

முனுசாமி: அந்த முனையில செவுரு சார்.

செயலாளர்: பொதுவா எழுதினதுப்பா! தலைவருக்குக் காரைத் திருப்ப முடியலையாம்.

முனுசாமி: அந்தக் காரு உறை போட்டபடி நாலு வருசமா ரோட்டுலயே நிக்குது. அதுக்கடியில பூனை குட்டி போட்டு மூணு தலைமுறை ஆயிடுச்சி. எங்க திருப்பப் போறாரு?

(சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து, வெள்ளைச் சட்டையின் மேல் வைக்கிறார்.)

முனுசாமி: கார்ப்பரேசன் குடுத்த அட்டை. 2014-ல தெருவோர வியாபாரிங்களுக்குச் சட்டம் போட்டாங்க. எடத்தக் காலி பண்ணச் சொல்லணும்னா 30 நாளு முன்னாடி நோட்டீசு குடுக்கணும். விற்பனைக் குழுன்னு ஒண்ணு, அதுல நூத்துக்கு நாப்பது பேரு எங்க ஆளுங்க. உங்கள மாதிரி நலச் சங்கத்துக்கும் அதுல எடம் உண்டு, தெரியுமா?

செயலாளர்: எங்களுக்கா? யாருமே சொல்லலையே! உனக்கு எப்படி இதெல்லாம்?

முனுசாமி: மூணாம் நெம்பர் வூட்டு வக்கீல் சாரோட கோட்டு எங்கிட்டதான் வருது.

செயலாளர்: (பேனாவைத் திறந்து) நாலாவதை அடிச்சிடறேன். எல்லாத்துலயும் அடிச்சிடறேன்.

முனுசாமி: அடிக்காதீங்க சார், பாவம், அச்சடிச்ச காசு. அப்படியே இருக்கட்டும். 35 பேர நான் கூட்டியாரேன், அவங்களே கை தூக்கிச் சொல்லட்டும்.

செயலாளர்: அத்தனை பேரும் உன் பக்கந்தான்யா தூக்குவாங்க!

முனுசாமி: துணி எங்கிட்ட இருக்குதே சார்.

செயலாளர்: (பெருமூச்சு விட்டு) என்னமோ பண்ணு. என் வெள்ளைச் சட்டையைக் குடு, கிளம்பறேன்.

(முனுசாமி காலரை நிமிர்த்தி, கையை உள்ளே மடித்து, நோட்டீசை நடுவில் வைத்து, சட்டையை மூட்டைக்குள் போட்டு முடிச்சுப் போடுகிறார்.)

முனுசாமி: ஞாயித்துக்கெயமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்குங்க சார். பார்க்குல.