நயினாதீவு இராஜகோபுரம் சோழர் கட்டியதா?

நயினாதீவு யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள தீவு. "நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் கருங்கல் கோபுரம் சோழர் எழுப்பியது, ஆயிரம் வருடமாக அப்படியே நிற்கிறது" என்ற செய்தி படத்தோடு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தலம் பழையது, கட்டடம் பழையதல்ல. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 1788 அளவில் மீளக் கட்டினார்கள். படத்தில் தெரியும் 108 அடி இராஜகோபுரமோ 2012இல் குடமுழுக்குக் கண்டது.

கருங்கல் என்பதும் பொருந்தாது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. கருங்கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கோபுரத்தின் மேல்நிலைகளில் நெருங்கி நிற்கும் உருவங்கள் சுதைவேலை, அதாவது சாந்தால் செய்தவை, மேலே வர்ணம். கடற்காற்றின் உப்பு ஏறினால் சுதை பொரிந்து வெடிக்கும். அதனால்தான் இடைக்கிடை திருத்தி வர்ணம் பூசவேண்டியிருக்கிறது.

உண்மையான இடைக்காலச் சான்று கோபுரமல்ல, இங்குள்ள தமிழ்க் கல்வெட்டு. அதுவும் சோழருடையதல்ல, 12ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவுடையது. அது சொல்வது இதுதான்: ஊர்காவற்றுறைத் துறைமுகப் பக்கம் யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு (கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவருக்கு. வணிகச் சரக்கென்றால் சரிபாதி. கோயில் கட்டிய கதை அதில் இல்லை, துறைமுக வணிகச் சட்டம்தான் இருக்கிறது. நம்மவர் கட்டாயம் அறியவேண்டிய சாசனம் இது.

பார்க்கப் போகிறவர்கள் புங்குடுதீவு குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும். நயினாதீவில் பௌத்த விகாரையும் உண்டு. விகாரைக்கும் கோயிலுக்கும் இறங்குதுறை வேறுவேறு, ஏறும்போதே கேளுங்கள். உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும். கோபுரம் கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயிலில்தான் சிற்பங்கள் தெளிவாகத் தெரியும்.