குதிரையைக் கொடுத்து ஆடுவது சூது இல்லை

சனிக்கிழமை வகுப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கணினியில் செஸ் ஆடுகிற ஒரு ஆட்டக்கார நிரலோடு விளையாடினாள் என்பதற்காக என் மகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் எழுப்பி, "சூதாடப் பழகுகிறாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு 9 வயது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அந்த நிரலுக்குத் தொப்பி போட்ட ஒரு சூதாடி வேடம். "இந்தக் குதிரையை வைக்கிறேன், எடுக்கத் துணிவு இருக்கா?" என்று கேட்கும். உள்ளே இருப்பது வெறும் கணக்கு. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, கோட்டைக்கு 5, ராணிக்கு 9 என்று நாங்கள் படித்த மதிப்பைக் குறைத்து, எதிரி ராசாவைத் தாக்குவதற்கு மதிப்பைக் கூட்டினால் போதும், அப்படி மதிப்புப் போட்டு ஆடுகிற செஸ் நிரல் காய்களை அள்ளிக்கொடுத்து அடிக்க வரும்.

சூதில் காய் உருளும். சகுனி உருட்டினால் என்ன விழும் என்று தருமருக்குத் தெரியாது. சதுரங்கத்தில் 64 கட்டமும் இரண்டு பேருக்கும் முன்னால் விரிந்து கிடக்கிறது. இது எப்படிச் சூதாகும்?

மகள் கறுப்பு. அந்த நிரல் குதிரையால் எஃப்7 கட்டத்தில் நின்ற சிப்பாயை வெட்டியது. ராணியையும் கோட்டையையும் ஒன்றாக அடிக்கிற இடம், ராசாவால் குதிரையை எடுத்தாள். உடனே வெள்ளை ராணி எஃப்3க்கு வந்து செக். ராசா பலகையின் நடுவுக்கு இழுபட்டது. மூன்று தரம் அப்படியே தோற்றாள். நாலாம் தரம், அந்த வெட்டு வருவதற்கு முன்பே, ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாயைத் திருப்பி வெட்டாமல், குதிரையை ஏ5இல் வைத்துப் பிஷப்பைத் துரத்தினாள். பெரிய ஆட்டக்காரர்களும் அங்கே அதைத்தான் ஆடுவார்கள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஸ்டொக்ஃபிஷ் இருக்கே, அதோடு பழகலாமே" என்பீர்கள். அது மிகப் பலமான செஸ் நிரல், ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் பிள்ளையைத் தோற்கடிக்கும். "பந்தயம் என்ற சொல் பிள்ளை வாயில் வரலாமா?" சரி, அதை ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆனால் பஸ் நிலையத்தடியில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி லொத்தர் சீட்டு வாங்குகிறோமே, அதை ஒருவரும் கேட்பதில்லை. செஸ் வீரர் மிகைல் தால் 23 வயதில், 1960இல், போட்வின்னிக்கை வென்று உலக சம்பியனானவர். காய்களைக் கொடுத்துக் கொடுத்தே ஆடினவர். அவர் கொடுத்தவற்றில் சில பிழை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அவரைச் சூதாடி என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

என் அப்பாவும் அப்படித்தான் ஆடுவார். கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு. மட்டையில் கோடு கீறின பலகை, தொலைந்த குதிரைக்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தான். இரண்டாவது நகர்த்தலிலேயே எஃப் சிப்பாயை எஃப்4க்குத் தள்ளிவிட்டு, "எடடா, பயப்பிடாமல் எடு" என்பார். வாழ்நாளில் காசு வைத்துச் சீட்டுத் தொட்டதில்லை அவர். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அந்த மட்டை வீட்டோடு போய்விட்டது. பொத்தான் மட்டும் அவருடைய சட்டைப்பையில் தென்மராட்சி வரைக்கும் வந்தது. இப்போது அது மகளின் பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது. சனிக்கிழமை அழுதுகொண்டு வந்தவள் முதல் கேட்டது, "அப்பப்பாவும் சூதாடினவரோ?" என்று.

வகுப்பெடுக்கிற அண்ணை, உங்களில் எனக்கு மரியாதை இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். அதே பிள்ளைகள் முன்னால் அவளோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள். வெள்ளை அவளுக்கு. அவள் எஃப்4 தள்ளுவாள். நீங்கள் எடுங்கள்.