போக்கேரியா ரீல்ஸ் போடுறவங்களே, போதும்டா சாமி!

பார்சிலோனாவுக்குப் படிக்க வர்ற பிள்ளைங்க ஃபோன்ல முதல்ல வந்து நிக்கறது ஒரே வீடியோதான். போக்கேரியா மார்க்கெட்டோட வாசல், லா ராம்ப்லாங்கற பெரிய நடைவீதிப் பக்கம் இருக்கறது, கலர் கலரா ஜூஸ், கப்ல வெட்டி வெச்ச மாம்பழம், மேல "செம சீப், மிஸ் பண்ணாதீங்க"ன்னு எழுத்து. எதைவிட சீப்? அந்தக் கப்பை ஒருத்தராவது எடை போட்டுப் பார்த்தீங்களா? அதுக்குக் குடுக்கற காசுல நாலு வரிசை உள்ள தள்ளிப் போனா கிலோவுக்குக் குறையாம ஆரஞ்சு வாங்கலாம். ராம்ப்லாவுல நடக்கற கூட்டத்தை நம்பியே நடக்கற வியாபாரம் அந்த முன்வரிசை. அதை மட்டும் படம் புடிச்சுட்டு "மார்க்கெட் சுத்திப் பார்த்தாச்சு"ன்னு சொல்றது என்ன நியாயம்?

2015-லயே மாநகராட்சி, 15 பேரும் அதுக்கு மேலயும் இருக்கற சுற்றுலாக் குழுக்கள் வெள்ளி, சனியில காலை 8-லேர்ந்து மதியம் 3 வரைக்கும் உள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. ஏன்? காய்கறி வாங்க வர்ற உள்ளூர்ப் பாட்டியால தள்ளுவண்டியை நகர்த்த முடியல, அதான். நம்ம ரீல்ஸ் ஆட்கள் என்ன சொல்றாங்க? "சனிக்கிழமை மதியம் போங்க, கலகலன்னு இருக்கும்." இருக்கும் இருக்கும், பர்ஸ் அடிக்கறவனுக்கும் கலகலன்னுதான் இருக்கும். முதுகுப்பையை முன்னாடி மாட்டிக்கங்க, ஃபோனைப் பின்பாக்கெட்ல வைக்காதீங்க. இதைச் சொல்ல அஞ்சு செகண்ட் போதாதா?

போகணும்னா வார நாள்ல காலை எட்டரை, ஒன்பதுக்குப் போங்க. லிசெயூ மெட்ரோவுல இறங்கி, ராம்ப்லா வாசலை விட்டுட்டு, பின்னாடி கார்துன்யா சதுக்கத்துப் பக்கமா நுழைங்க. மீன் வேணும்னா திங்கள்கிழமை வேண்டாம். ஞாயிறு படகு கடலுக்குப் போகாது, அதனால மீன்கடை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமையோ மார்க்கெட்டே லீவு.

அடுத்தது வரிசை. இதுல ஆகற கூத்து தாங்கல. அங்க யாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நிக்க மாட்டாங்க, கடை முன்னாடி அங்கங்க நிப்பாங்க. போனதும் "எல் உல்திமோ?"ன்னு கேக்கணும், கடைசி ஆள் யாருன்னு அர்த்தம். ஒருத்தர் கையைத் தூக்குவார். அவர் முகத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, அவருக்கு அடுத்து நீங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க கேட்டா நீங்க கை தூக்கணும். இது தெரியாம நேரா முன்னாடி போய் நீட்டினா திட்டு விழும். உடனே "இனவெறி"ன்னு பதிவு. இனவெறி இந்த ஊர்ல இல்லவே இல்லைன்னு சொல்லல, வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்க தெரியும். ஆனா மார்க்கெட்ல விழுந்த அந்தத் திட்டு பெரும்பாலும் வரிசைக்கு. பழத்தை அமுக்கிப் பார்த்தாலும் அதே திட்டுதான். பழத்தைக் கடைக்காரர்தான் எடுத்துக் குடுப்பார், இன்னிக்கே திங்கவா நாளைக்கான்னு மட்டும் சொன்னா போதும்.

விலைப்பலகையைப் பார்த்துட்டு மயங்கி விழறது தனிக்கதை. ஹாமோன் (உப்புல பதப்படுத்தின பன்னித்தொடை), சீஸ், நட்ஸ் கடைகள்ல பெரிய எண்ணுக்குக் கீழ பொடி எழுத்துல "100 g", அதாவது 100 கிராம்னு இருக்கும். 15 யூரோன்னு படிச்சுட்டுத் தலையாட்டினா, கிலோ 150-ன்னு தெராசுக்குப் பிறகுதான் புரியும். எவ்வளவுன்னு சொல்லிக் கேளுங்க: "சியென் கிராமோஸ்"னா 100 கிராம், "உன் குவார்தோ"ன்னா கால் கிலோ. "குவார்தோ இ மிதாத்"னா காலும் அரைக்காலும், 375 கிராம். இபெரிக்கோங்கற பன்னி இனத்து ஹாமோன் சாப்பிடறவங்க, தொங்கற அந்தப் பன்னிக்கால்ல கட்டியிருக்கற சீட்டோட நிறத்தைப் பாருங்க. கறுப்புன்னா கலப்பில்லாத இனம், ஓக் கொட்டை தின்னு வளர்ந்த பன்னி. வெள்ளைன்னா தொழுவத்துல தீவனம் தின்னது. கோன்ல சுருட்டி விக்கறதுல சீட்டு எங்க கண்ணுக்குத் தெரியுது? கேட்டுட்டு வாங்குங்க.

காசு குடுக்கும்போது மெஷின் யூரோவா ரூபாயான்னு கேக்கும். பாசத்துல ரூபாயை அமுக்காதீங்க! மாற்று விகிதத்துலயே அவங்க லாபத்தைச் சேர்த்துத்தான் காட்டுவாங்க. எப்பவும் யூரோதான். இந்திய டெபிட் கார்டுன்னா அதுக்கு மேல நம்ம பேங்க் வேற தனியா மார்க்கப் எடுக்கும். சில்லறை வாங்கறதுக்கு நோட்டும் காசும் கையில வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, மாசச் சாமான் வாங்கற இடம் போக்கேரியா இல்ல. துவரம்பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் அதுக்குப் பின்னாடியே ராவால் தெருக்கள்ல இருக்கற பாகிஸ்தானி மளிகைக்கடையில கிடைக்கும். காய், மீனுக்கு சாந்த் அந்தோனி மார்க்கெட் நடந்து போற தூரம்தான். 1882-ல கட்டினது, பல வருஷ வேலைக்கப்புறம் 2018-ல திறந்தாங்க. ஜூஸுக்குன்னு அங்க எவனும் வர்றதில்ல, அதனால உங்க ரீலுக்கு அது ஆகாது, தெரியும்.